மழையில்லாமல் ஒழுகிய கூரை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, கடல்ல இருக்கிறதெல்லாம் மனுஷங்ககூடப் பேசிக்கிட்டிருந்த காலத்துல, நண்டுமுனைன்னு ஒரு ஊர் இருந்துச்சு. ஐப்பசி பிறந்தா போதும், அங்க புயல் வந்துரும். வந்தா சும்மா போகாது, நாலு வீட்டுக் கூரையைப் பிச்சுக்கிட்டுத்தான் போகும். அதனால புரட்டாசியிலயே ஊர் மொத்தமும் கூரைமேல ஏறிரும். மக்கின தென்னங்கீத்தைப் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுக் கீத்து வேய்வாங்க. மேல பழைய மீன்வலையை விரிச்சு, அதோட ஓரத்துல கல்லைக் கட்டித் தொங்கவிடுவாங்க. எல்லாம் முடிஞ்சதும் முகட்டுல ஒரு முடிச்சு. அதை அந்த வீட்டுப் பொம்பளைதான் போடணும். 'என் வீடு நல்லா இருக்கணும்'னு மனசார நினைச்சுக்கிட்டே போடணும். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது.

ஏன்னு கேக்கிறவ அந்த ஊர்ல ஒருத்திதான். பேரு காத்தாயி. நண்டு ஏன் பக்கவாட்டுல நடக்குதுன்னு கேப்பா. சங்குக்குள்ள யாரு ஊதுறாங்கன்னு கேப்பா. அவ அக்கா பூவாயிக்குக் காது புண்ணாகிப் போச்சு. பூவாயி நிறைமாசக்காரி. புருஷன் கப்பல்ல தூரதேசம் போயிருந்தான். வீட்டுல இவங்க ரெண்டு பேருதான்.

அந்தப் புரட்டாசியில சொக்கமாயன்னு ஒரு மந்திரவாதி வந்தான். பத்து விரல்லயும் மோதிரம், மூஞ்சியில ஒரு சுருக்கம் கிடையாது. ஒரு தட்டு அளவுக்குப் பழுப்பு ஓடு ஒண்ணைக் கையில வச்சிருந்தான்.

"ஒழுகாது, பறக்காது, மக்காது. இப்படி ஒரு கூரை போட்டுத் தரட்டுமா?"ன்னு கேட்டான்.

"விலை என்ன?"ன்னு பூவாயி கேட்டா.

"ஒண்ணும் வேண்டாம் தாயி. முகட்டு முடிச்சை மட்டும் உங்க கையால போட்டுருங்க. உங்களுக்குப் பிடிச்சிருந்தா, தையில ஊருக்கே போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் இந்த ஊர்லயேதான் இருப்பேன்."

அது எப்பவும் நடக்கிற வழக்கம்தானே, இதுல என்ன இருக்குன்னு தலையாட்டிட்டாங்க. அவன் பழைய கீத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு என்னமோ முணுமுணுத்தான். கையில இருந்த ஓடு வளர்ந்துச்சு, வளர்ந்துச்சு, வீடு மொத்தத்தையும் மூடிருச்சு. பூவாயியால ஏற முடியாது, காத்தாயி ஏறினா. 'எங்க வீடு நல்லா இருக்கணும்'னு நினைச்சு, கயித்தை மூணு சுத்துச் சுத்தி இறுக்கி முடிச்சுப் போட்டா.

மழை வந்துச்சு. ஒரு சொட்டு உள்ள வரலை. பூவாயிக்குச் சந்தோஷம் தாங்கலை. காத்தாயிக்குத்தான் உறுத்தல். கூரை கொஞ்சம் சூடா இருந்துச்சு, ஆட்டுக்குட்டி வயித்தைத் தொடுற மாதிரி. மந்திரவாதிகிட்ட போயி, "கூரை ஏன் சூடா இருக்கு?"ன்னு கேட்டா.

"நனையாம இருக்கீங்கல்ல, அப்புறம் என்ன கேள்வி?"ன்னான் அவன்.

கொஞ்ச நாள் போச்சு. கடல்காத்து வீசுறப்பல்லாம் கூரை 'உஸ்ஸ்'னு பெருமூச்சு விட்டுச்சு. திரும்பவும் போனா.

"கூரை ஏன் மூச்சு விடுது?"

"நனையாம இருக்கீங்கல்ல, அப்புறம் என்ன கேள்வி?"

அப்புறம்தான் அது நடந்துச்சு. நல்ல வெயில், வானத்துல பஞ்சளவு மேகம்கூட இல்லை. கூரையில இருந்து ஒரே ஒரு சொட்டு காத்தாயி கையில விழுந்துச்சு. மழைக்கு ஒழுகாத கூரை வெயில்ல ஏன் ஒழுகுதுன்னு நக்கிப் பாத்தா. உப்புக் கரிச்சுச்சு. இந்தத் தடவை மந்திரவாதிகிட்ட போகலை. நேரா மேல ஏறினா, ஓட்டுல வாயை வச்சு, "யாரு அழறது?"ன்னு கேட்டா.

"ஒரு வழியாக் கேட்டியே தாயி"ன்னு கூரை சொல்லுச்சு. "நான் கடலாமை."

ஆமை சொல்லிக்கிட்டே போச்சு. "ஆமைக்கு ஆயுசு அதிகம். அந்த மந்திரவாதி அதைக் குடிச்சுத்தான் இளசா இருக்கான். அவன் மந்திரத்தால என்னை உருமாத்த முடியும், கட்டிவைக்க முடியாது. உன் முடிச்சுதான் என்னைக் கட்டி வச்சிருக்கு. நல்ல மனசோட போட்ட முடிச்சு, எப்படி இழுத்தாலும் அசைய மாட்டேங்குது. என் வயித்துல முட்டை இருக்கு. நான் கடலுக்குப் போகலைன்னா அத்தனையும் கல்லாயிரும்."

"இப்பவே அவுக்கிறேன்."

"இப்ப வேண்டாம். இந்த உடம்போட வெயில்ல மணலைத் தாண்ட முடியாது, செத்துருவேன். புயலன்னைக்குக் கடல் உன் வாசலுக்கு வரும். அன்னைக்குத்தான் போக முடியும்."

புயலன்னைக்குக் கூரையை அவுக்கிறதா? பாத்தீங்களா சங்கடத்தை. அதுவும் எந்தப் புயலன்னைக்கு? பூவாயிக்குப் பெண்குழந்தை பிறந்த மறுநாளே வந்துச்சு புயல். பட்டப்பகல் இருட்டிப் போச்சு. தென்னை எல்லாம் தரையைத் தொட்டு எந்திரிக்குது. கடல் வாசப்படிக்கே வந்துருச்சு. அக்காவையும் பிள்ளையையும் ஊர்ல வேற எங்கயும் கூட்டிட்டுப் போகவும் வழியில்லை. காத்தாயி அக்கா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னா. சொல்லும்போதே அழுதுட்டா.

பூவாயி குழந்தையைப் பாத்தா. அப்புறம் கூரையைப் பாத்தா.

"அதுவும் பிள்ளைத்தாச்சியா?"

"ஆமாக்கா."

"அவுத்து விடு."

"பச்சைப்பிள்ளை நனையுமேக்கா."

"என் சேலை இருக்கு, நான் இருக்கேன். இன்னொருத்தி வயித்தெரிச்சலுக்குக் கீழ என் பிள்ளையை நான் வளர்க்க மாட்டேன். போடி."

காத்தாயி ஏறினா. காத்து அவளைப் பிடிச்சுத் தள்ளுது. எங்க இருந்தோ சொக்கமாயன் இடுப்பளவு தண்ணியில ஓடிவந்தான். ஒரு சுத்து அவுத்தா, அவன் தலைமுடி நரைச்சுச்சு. ரெண்டாவது சுத்து அவுத்தா, பல்லு கொட்டுச்சு.

"வேண்டாம்டி, நனைஞ்சு போயிருவீங்க"ன்னு பொக்கை வாயால கத்தினான்.

"நனைஞ்சா காஞ்சுக்கிறோம்"னு சொல்லிக்கிட்டே மூணாவது சுத்தையும் அவுத்தா.

மந்திரம் உடைஞ்சுச்சு. திருடின ஆயுசெல்லாம் கூரைக்குத் திரும்பிருச்சு. மந்திரவாதி தன் மந்திரமே ஞாபகமில்லாத கிழவனாகி, வேலிக்கம்பைப் பிடிச்சுக்கிட்டுப் பரிதாபமா நின்னான். கூரைக்கு நாலு பக்கமும் துடுப்புக் கால் முளைச்சுச்சு. தலை வெளிய வந்துச்சு. காத்தாயி கீழே குதிச்சு உள்ள ஓடி, அக்காவையும் குழந்தையையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடினா. இப்பக் கொட்டும், இப்பக் கொட்டும்னு காத்திருந்தாங்க.

ஒண்ணும் கொட்டலை.

காத்தாயி மெதுவாக் கண்ணைத் திறந்தா. ஆமை அப்படியே இருந்துச்சு. நாலு காலையும் சுவரோட சேத்து அணைச்சுக்கிட்டு, தலையை வாசல்ல வச்சுக் காத்தை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு.

"ஏன் இன்னும் போகலை?"ன்னு கேட்டா. கேக்காம இருப்பாளா அவ?

"கட்டி வச்சிருந்தப்போ ஒரு நிமிஷம் இருக்கவும் பிடிக்கலை"ன்னு ஆமை சொல்லுச்சு. "இப்பத்தான் அவுத்துட்டியே. பிள்ளை தூங்கட்டும், காத்து அடங்கினதும் போறேன்."

சாயங்காலம் புயல் அடங்கி, தண்ணி வடிய ஆரம்பிச்சப்போ, ஆமை சத்தம் போடாம வீட்டைவிட்டு இறங்கி அந்தத் தண்ணியோடவே கடலுக்குப் போச்சு. தலைக்கு மேல நட்சத்திரம் தெரிஞ்சுச்சு. மறுநாள் ஊரே கீத்தோட வந்து நின்னுச்சு. பூவாயி வீட்டை வேய்ஞ்சாங்க, மிச்சக் கீத்துல அந்தக் கிழவனுக்கும் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தாங்க. தை மாசம் நண்டுமுனை மணல்ல, ஆமை ஒரு ராத்திரி வந்து இட்டுட்டுப் போன முட்டை பொரிஞ்சு, குஞ்சுகள் வரிசையாக் கடலுக்கு ஓடுச்சு. அதுங்க நல்லா இருந்துச்சு, இவங்களும் நல்லா இருந்தாங்க, கேட்ட நீங்களும் நல்லா இருங்க.