மகாராஜாவின் மீசையும் சீமைக் கடிகாரமும்

மருதக்குறிச்சி சமஸ்தானத்தில் மகாராஜா விழித்தால் காலை, சாப்பிட்டால் மதியம், கொட்டாவி விட்டால் இரவு. அப்படி நிம்மதியாக இருந்த ஊருக்குள் ஒரு சீமைக் கடிகாரம் வந்து சேர்ந்தது.

அழகான கடிகாரம். தங்கக் கூடு. முதுகுப்பக்கம் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் கடுகளவு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுழலும். அவற்றின் அச்சு தேயாமலிருக்க, மாதுளை முத்துப்போலச் சிவப்புக் கற்கள். நடுவே தலைமுடியைவிட மெல்லிய சுருள் ஒன்று, தூங்கும் குழந்தையின் வயிறுபோல விரிந்து சுருங்கும். கூட்டின் உச்சியில் ஒரு சின்னக் குமிழ். யாரோ ஒருவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் செய்தது என்றான் வியாபாரி.

"தானே ஓடுமா?" என்று கேட்டார் மகாராஜா சங்கிலிவீரப்ப பூபதி.

வியாபாரி வாயைத் திறப்பதற்குள் சபை விதூஷகர் அரியநாயகம் முந்திக்கொண்டார். "ஓடாமல் என்ன மகாராஜா? சூரியனை யாராவது தள்ளிவிடுகிறார்களா?"

அரியநாயகம் அதற்குமுன் அப்படியொரு கடிகாரத்தைக் கண்ணால் கண்டதில்லை. எதையும் சந்தேகப்படுவது அவர் சுபாவம்தான். என்ன செய்வது, அந்தச் சந்தேகம் எப்போதும் பேசி முடித்த பிறகே வந்து சேரும். ஐம்பது வயது தாண்டியும் அது ஒருநாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை.

மகாராஜா அதைச் சங்கிலியில் கோத்து மார்பில் அணிந்துகொண்டார். மறுநாள் சபை நடுவே கடிகாரம் நின்றுவிட்டது. வியாபாரியை இழுத்துவந்தார்கள்.

"தினமும் காலையில் குமிழைத் திருகிச் சாவி கொடுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் இறுகினால்தான் ஓடும். சொல்லத்தான் வந்தேன், இவர் விடவில்லை" என்று அவன் அரியநாயகத்தைக் கைகாட்டினான்.

அரியநாயகம் என்றைக்குச் சறுக்குவார் என்று காத்திருந்த பிரதானி திருமலைக்கொழுந்து எழுந்தார்.

"மகாராஜா, தங்கள் மேனியில் அணிந்த நகையை இன்னொரு கை தொடக்கூடாது. இது சமஸ்தான வழக்கம்."

"தெரியும்."

"தங்கள் கை வேலை செய்யவும் கூடாது. தங்கள் பாட்டனார் தம் செருப்பைக்கூடத் தாமே மாட்டியதில்லை. சாவி கொடுப்பது பணியாள் வேலை."

"பிறகு இதை யார்தான் ஓட்டுவது?"

"தானே ஓடும் என்றாரே, அவரைக் கேளுங்கள்."

மகாராஜா திரும்பினார். "ஓய் அரியநாயகம்! நாளைக் காலை இது ஓட வேண்டும். வேறு கை படக்கூடாது. என் கை வேலை செய்யக்கூடாது. ஓடாவிட்டால், நாவிதரை வைத்து உம் மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிடுவேன்."

"இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்களேன் மகாராஜா, பார்க்க லட்சணமாக இருக்கும்."

"ஒரு பக்கம்தான். பார்க்கிறவர்களுக்குக் காரணம் ஞாபகம் வர வேண்டும்."

அரியநாயகம் வீட்டுக்கு வந்து கண்ணாடிமுன் உட்கார்ந்தார். உள்ளே வீரம் இல்லாத குறையை மறைக்க முகத்தில் வளர்த்துவைத்த மீசை அது. ஊரில் நாலு பேர் வழிவிடுவது அதற்குத்தான், அவருக்கு இல்லை. 'முட்டாளே, தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?' என்று கண்ணாடியில் தெரிந்த ஆளைக் கேட்டார். கடைசியாக ஒருமுறை முறுக்கிப் பார்க்கலாமென்று இரண்டு விரல்களால் மீசை நுனியைப் பிடித்தார்.

விரல்கள் பாதியில் நின்றன.

மறுநாள் நாவிதர் கத்தியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். பிரதானியின் ஏற்பாடு.

மருதக்குறிச்சியில் சபை தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. மகாராஜா சிம்மாசனத்தில் அமர்ந்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீசையை முறுக்குவார். முரசு முழங்கும். எல்லோரும் எழுந்து கும்பிடுவார்கள். அன்றும் அப்படியே நடந்தது.

"கடிகாரம் ஏன் நின்றதென்று கண்டுபிடித்துவிட்டேன் மகாராஜா" என்றார் அரியநாயகம். "அதற்கு வருத்தம்."

"வருத்தமா?"

"தங்கள் மார்பிலேயே தொங்குகிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்க்கிறது. மீசைக்கு முரசு, மீசைக்குக் கும்பிடு. அதன் தலையிலும் ஒரு குமிழ் இருக்கிறது. யாராவது கண்டுகொண்டோமா? மீசைக்குச் செய்த மரியாதையை அதற்கும் செய்து பாருங்களேன்."

மகாராஜா வந்த சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். இரண்டு விரல்களால் குமிழைப் பிடித்து, மீசையை முறுக்குவது போலவே திருகினார். கிர்ர்... கிர்ர்... முரசுக்காரன் பழக்க தோஷத்தில் ஓங்கி அடித்தான். சபை எழுந்து கடிகாரத்தைக் கும்பிட்டது.

டிக், டிக், டிக்.

"மகாராஜா!" பிரதானி பதறினார். "இது சாவி கொடுப்பதல்லவா? பணியாள் வேலையல்லவா?"

"அப்படியா பிரதானியாரே?" என்றார் அரியநாயகம். "இரண்டு விரலால் திருகுவது பணியாள் வேலை என்றால், மகாராஜா இவ்வளவு நாளாகப் பணியாள் வேலைதான் செய்துவந்தாரா? இனி அதற்கும் ஓர் ஆள் போட்டுவிடலாம். நீங்களே முதலில் வாருங்கள். வந்து மகாராஜாவின் மீசையைப் பிடியுங்கள்."

பிரதானி இரண்டடி பின்னால் போனார். நாவிதர் சத்தமில்லாமல் கத்தியை மடக்கினார்.

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டுச் சால்வையை வரவழைத்து அரியநாயகத்துக்குப் போர்த்தினார்.

"ஜெயித்துவிட்டீர் ஓய்! எங்கே, உம் மீசையையும் ஒருமுறை முறுக்கிவிடும், பார்ப்போம்."

அரியநாயகம் முறுக்கினார். அது தொங்கிவிட்டது. மறுபடி முறுக்கினார். மறுபடியும் தொங்கியது.

"என்ன ஓய், நிற்க மாட்டேன் என்கிறது?"

"எவ்வளவு சாவி கொடுத்தாலும் இனி இது ஓடாது மகாராஜா. நேற்று நாவிதர் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, அப்போதே ஸ்பிரிங் அறுந்துவிட்டது."