துண்டுப்பிடிக்கு வந்த பெருவாழ்வு

கடற்கரை உப்பு காளை வண்டியேறி ஊர் ஊராகப் போன காலம் அது. கொற்கரை என்ற பட்டணத்தை அகிலதீரன் என்றொரு ராஜா ஆண்டான். தீரமெல்லாம் பெயரோடு சரி. பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்வான்.

அங்கே உப்பு விற்க வந்தாள் வெண்ணி. காட்டு வழியில் கொள்ளையரைச் சமாளிக்க உப்பு வணிகர்கள் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். தோளில் கிடக்கும் துண்டை முறுக்கி, எதிராளியின் கையில் சுற்றி, இடுப்பைத் திருப்பி, ஆளை மண்ணில் போடுவார்கள். அதற்குப் பெயர் துண்டுப்பிடி. காட்டுக்கு வெளியே அதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

சந்தையில் அரண்மனை மல்லன் ஒருவன் வெண்ணியின் காளையைச் சாட்டையால் அடித்தான். வெண்ணி துண்டை எடுத்தாள். அடுத்த கணம் மல்லன் உப்பு மூட்டைமேல் மல்லாந்து கிடந்தான்.

மாடத்திலிருந்து பார்த்த ராஜா துள்ளினான். "யாருக்கும் தெரியாத வித்தையா? அப்படியானால் உடனே எல்லோருக்கும் வேண்டும்!"

வித்தை கற்றுக்கொடுக்க வெண்ணிக்குப் பெரிய களம் கிடைத்தது. நேற்றுவரை சிலம்பம் பேசியவர்கள், "சிலம்பமெல்லாம் எல்லோரும் செய்வதுதானே" என்று முகம் சுளித்தார்கள்.

முதலில் அமைச்சர் மகன் சாத்தன் வந்தான். "அம்மணி, விழுந்தால் முழங்கால் சிராய்க்கிறது. விழாமல் கற்க முடியாதா?" வெண்ணி வாசலில் நின்ற பல்லக்குகளைப் பார்த்தாள். விழுவதை எடுத்துவிட்டாள்.

அடுத்து ரத்தின வியாபாரி வந்தார். "தாயே, பிறர் வியர்வை என் பட்டில் படுகிறது. தொடாமல் கற்க முடியாதா?" தொடுவதையும் எடுத்துவிட்டாள்.

கடைசியில் ராஜாவே வந்தான். "முறுக்கினால் கை வலிக்கிறது." முறுக்குவதையும் எடுத்துவிட்டாள்.

மிஞ்சியது என்ன? துண்டை உதறித் தோளில் போட்டு "ஹா!" என்று கத்துவது. அதை ஊரே கற்றது. மணவறையில் மாப்பிள்ளை "ஹா!" என்றார். பந்தியில் சம்பந்தி "ஹா!" என்றார். ஊரில் முதலில் கற்றது தாங்கள்தான் என்று ஒவ்வொரு வீடும் சத்தியம் செய்தது. எல்லோரும் வீரர்களான பின் காவல் எதற்கு என்று ராஜா காவலரை அனுப்பிவிட்டான்.

வெண்ணியின் அண்ணன் கோவலூரன் வந்து பார்த்தான். "என்னடி இது?"

"நம் வித்தை வளர்கிறது, அண்ணா. ஊருக்கே தெரியும்!"

"என்ன தெரியும்?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனான். வெண்ணிக்குக் கோபம் வந்தது.

திருவிழா நாளில் பட்டப்பகலில் கொள்ளையர் புகுந்தார்கள். ஊரே வரிசையாக நின்று, துண்டை உதறி, "ஹா!" என்றது. கொள்ளையர் தலைவன் திகைத்து நின்றான்.

"இவ்வளவு மரியாதையாக யாரும் நம்மை வரவேற்றதில்லையடா" என்றான். பிறகு வீடு வீடாக வாரினார்கள். வாரியதை மூட்டை கட்ட அந்தத் துண்டுகளையே வாங்கிக்கொண்டார்கள். துண்டை மடித்துக் கொடுத்தவன் சாத்தன்.

வெண்ணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓடிப்போய் ஒருவன் கையில் துண்டைச் சுற்றினாள். இடுப்பைத் திருப்பினாள். ஊரார் போட்ட பூமாலைகளுக்குக் குனிந்தே பழகிய இடுப்பு திரும்பவில்லை. அவன் உதறிய உதறலில் கீழே போனாள். விழும் பழக்கமும் விட்டுப்போயிருந்ததால் கை முறிந்தது.

மறுநாள் காலி அரண்மனையில் ராஜா சபை கூட்டினான். "துண்டுப்பிடி பழசாகிவிட்டது. யாருக்கும் தெரியாத வேறு வித்தை உண்டா?"

"வடக்கே ஒருவன் நண்டுபோல் நடந்து அடிக்கிறானாம், அரசே" என்றான் சாத்தன்.

அவனை அழைத்துவர மத்தியானமே பல்லக்கு வடக்கே கிளம்பியது. கட்டுப்போட்ட கையோடு வெண்ணி தெருவோரம் நின்றாள். பல்லக்கு தூக்கியவர்கள் அவளை வழியைவிட்டு விலகச் சொன்னார்கள்.

கேட்டவர்களே, இதை மனதில் வையுங்கள்: நாலு பேர் புகழ வேண்டும் என்று வித்தையின் கடினத்தைக் கழித்துவிட்டால், ஆபத்து வரும்போது அந்த வித்தை யாரையும் காப்பாற்றாது.