வெட்டுப்பட்ட காய்

அரங்கநாயகம் அன்று வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். நெற்றித் திருநீறு வியர்வையில் வழிகிறது. ஒரு கையில் மிச்சமான சுண்டல் தூக்கு, மறு கையில் மன்றத்துச் சாவி. அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு வெள்ளியம்பலத்துக்கு நாற்பத்தைந்துதான். அதனாலென்ன, வயது பார்த்தா குருவைத் தேடுகிறோம்?

மடத்துக் கிணற்றடியில் குரு வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க ஐயா.”

“நான் செய்றது சேவையா, இல்லையா?”

“திடீர்னு என்ன சந்தேகம்?”

“செய்றதை வாங்கிக்க ஆள் வரமாட்டேங்குதே சாமி!”

விஷயம் இதுதான். மடத்துக்குச் சொந்தமான கூடம் ஒன்று கடைத்தெருவில் சும்மா கிடந்தது. ஊரில் வயதானவர்கள் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று அரங்கநாயகம் அதைக் கேட்டு வாங்கினார். வெள்ளையடித்தார், மின்விசிறி மாட்டினார், முதியோர் மன்றம் என்று பலகை வைத்தார். நடக்க முடியாதவர்களை அழைத்துவர ஆட்டோ. வாரம் ஒருநாள் பிரஷர் பார்க்க நர்ஸ். மத்தியானம் சுக்குக் காப்பியும் சுண்டலும். பேப்பர் படித்துக் காட்டவும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகவும் தொண்டர்கள்.

முதல் மாதம் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அப்புறம் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இப்போது வருகிற நாலைந்து பேரும் சுண்டலைத் தின்றுவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள்.

“மடத்து நிர்வாகி சொல்லிட்டார் சாமி. ஆடி முடியறதுக்குள்ள ஆள் சேரலைன்னா கூடத்தைப் பந்தல்காரருக்கு விட்டுருவாராம். நாற்காலி, அண்டா எல்லாம் அடுக்கறதுக்கு. அந்தக் கூடத்தை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க!”

சொல்லிவிட்டுச் சுண்டல் தூக்கைக் கிணற்றுத் திட்டில் வைத்தார்.

குரு வேட்டியைப் பிழிந்தார். “முதல்ல நின்னது யாரு?”

“தங்கக்கிளி அம்மா.”

தங்கக்கிளி அம்மாளைத் தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. காய்கறிச் சந்தையில் தக்காளி ஏலம் விட்டே காலம் தள்ளியவர். எண்பதைத் தாண்டியும் அந்தக் குரல் இறங்கவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற கண்டக்டர்களோடு சண்டை பிடித்துப் பொழுதை ஓட்டுகிறார். அரங்கநாயகம் நேரில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். “அங்க வந்து என்னத்தக் கிழிக்க?” என்று அம்மாள் கேட்டுவிட்டார்.

“மன்றத்துல அவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார் குரு.

“தாயம் ஆடுவாங்க சாமி. எதிர்ல தொண்டர் யாராச்சும் உட்காருவாங்க. அம்மாதான் ஜெயிப்பாங்க.”

“தினமுமா?”

“தினமும்!” அரங்கநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. “பெரியவங்க காயை வெட்டவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். வெட்டு விழற எண்ணு வந்தாக்கூட நம்ம ஆளுங்க வேற காயை நகர்த்திருவாங்க. அவங்க வெட்டறதுக்குத் தோதா நம்ம காயைக் கொண்டுபோய் முன்னாலயும் நிறுத்திருவாங்க. மரியாதைன்னா அப்படி!”

குரு வேட்டியை உதறிக் கொடியில் போட்டார்.

“நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் தாயம் ஆட வர்றேன்னு சொல்லுங்க.”

“சாமி தாயம் ஆடப்போறாரா!” என்று ஊரே வாயைப் பிளந்தது. சாமியே கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா? தங்கக்கிளி அம்மாள் வந்தார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கட்டத்தின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“சாமிக்கு ஆட்டம் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும்மா.”

“தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. ஜெயிக்கப்போறது நான்தானே.”

அதைச் சொன்ன குரலில் சந்தோஷம் பொட்டுக்கூட இல்லை.

ஆட்டம் தொடங்கியது. அம்மாள் மடமடவென்று காய்களைப் பழமாக்கிக்கொண்டே போனார். கடைசிக் காய் ஒன்றுதான் பாக்கி. அது மலை ஏற இன்னும் ஒரே கட்டம். ஏறிவிட்டால் எந்தக் கொம்பனாலும் தொட முடியாது. குருவின் காய் ஒன்று அதற்கு ஐந்து கட்டம் பின்னால் நின்றது. அம்மாள் கொட்டாவி விட்டார்.

குரு கட்டையை உருட்டினார். அஞ்சு!

தொண்டர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நகர்த்துவதற்கு வேறு காய்கள் இருந்தன. குரு அவற்றின் பக்கமே போகவில்லை. பின்னால் நின்ற காயை எடுத்து, நிதானமாக எண்ணிக்கொண்டே வந்து, அம்மாளின் காய் நின்ற கட்டத்தில் டக்கென்று வைத்தார்.

“வெட்டு!”

“ஐயோ சாமி!” அலறியது அரங்கநாயகம்.

அம்மாள் காயைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். மறுபடி காயைப் பார்த்தார்.

“அடப் பாவி மனுசா! மலைக்கு ஒரு கட்டம் இருக்கும்போதா வெட்டுவ? நீயெல்லாம் ஒரு சாமியா?”

“வெட்டு வெட்டுதானேம்மா. கையை எடுங்க, எனக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு.”

“உருட்டு, உருட்டு! இன்னிக்கு உன்னை ஒரு கை பார்க்காம விட்டேன்னா நான் தங்கக்கிளி இல்ல!”

முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கொட்டாவியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

வெட்டுப்பட்ட காய் மறுபடி கட்டத்தில் இறங்கத் தாயம் விழ வேண்டும். விழுந்தால்தானே! ரெண்டு விழுந்தது, மூணு விழுந்தது, பன்னிரண்டுகூட விழுந்தது. தாயம் மட்டும் போக்குக் காட்டியது. அதற்குள் குருவின் காய்கள் ஒவ்வொன்றாகப் பழுத்தன. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஏட்டு பிச்சாண்டி முகத்துத் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளாக அவர் இவ்வளவு வேகமாக எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

“கட்டையை நல்லாத் தேச்சுப் போடு தாயி!”

“நீ பொத்திக்கிட்டு இரு ஏட்டு! எனக்குத் தெரியும்!”

தேய்த்துத்தான் போட்டார். தாயம்!

அடேயப்பா, அப்போது எழுந்த சத்தம்! டீக்கடை மாஸ்டர் கையில் கிளாசோடு வாசலுக்கு வந்துவிட்டார். நர்ஸ் பிரஷர் பார்ப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அம்மாளின் காய் ஓடுகிறது, குருவின் காய் துரத்துகிறது. ஒரு திருப்பத்தில் அம்மாள் திரும்ப ஒரு வெட்டுப் போட்டார் பாருங்கள், பிச்சாண்டி விசிலே அடித்துவிட்டார்.

ஆனாலும் முடிவில் குருவின் கடைசிக் காய்தான் முந்திப் பழுத்தது. அம்மாள் தோற்றார்.

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரைப் பிடித்து எழுந்தார். அரங்கநாயகம் தாங்கப் போனார். அம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

“நாளைக்கு வர்றேன். ஓடிப்போயிராதே சாமி!”

மறுநாள் அரங்கநாயகம் சாவியோடு வருவதற்குள் அம்மாள் வாசலில் நின்றார். கூடவே ஏழெட்டுப் பேர். “பூட்டைத் திற ஐயா, நேரமாச்சு!” என்று அதட்டல் வேறு. அதற்கடுத்த நாள் ஆட்டோக்காரர் இரண்டு நடை அடித்தார். யார் யாருக்குக் கூட்டாளி என்பதில் அடிதடி வராத குறைதான். சுண்டல் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஆடிக் கடைசியில் நிர்வாகி பந்தல்காரரை அழைத்துக்கொண்டு கூடத்தை அளக்க வந்தார். பேசிக்கொண்டே உள்ளே காலை வைத்தார்.

“யாருய்யா அது! காலை எடு! கட்டம் அழியுது!”

சந்தைக் குரல். நிர்வாகி ஒற்றைக் காலில் நின்றார். குனிந்து பார்த்தால், தரை முழுக்கச் சுண்ணாம்புக்கட்டியில் போட்ட கட்டங்கள். ஒரு கட்டத்தைச் சுற்றிப் பத்துத் தலைகள். மலையோரம் ஒரு காய் தவித்துக்கொண்டு நின்றது. நிர்வாகி அப்படியே குந்தினார்.

“இப்ப யார் கையில கட்டை?”

“ஏட்டு கையில. பேசாதே!”

கொஞ்சநேரம் வாசலில் நின்று பார்த்த பந்தல்காரர், “அப்ப நான் வேற இடம் பாத்துக்கறேங்க” என்று கிளம்பிவிட்டார். நிர்வாகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரங்கநாயகம் மடத்துக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது.

“சாமி! கூடம் நமக்குத்தான்! நிர்வாகியே உட்கார்ந்துட்டார்!”

“சந்தோஷம் ஐயா. உட்காருங்க. தண்ணி குடிங்க.”

குடித்தார். மூச்சு அடங்கியது. ஆனாலும் முகத்தில் ஏதோ ஒன்று பாக்கி இருந்தது.

“ஒண்ணு மட்டும் மனசை அறுக்குது சாமி.”

“சொல்லுங்க.”

“அன்னிக்கு அம்மா கண்ணைத் துடைச்சாங்க. நான் பார்த்தேன். எண்பது வயசு மனுஷியை அழ வைக்கலாமா? நான் அவங்களை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் முன்னால கொண்டுபோய் வச்சேன். கும்பிட்டேன். ஒதுங்கி நின்னேன். அதுல என்ன சாமி தப்பு?”

“ஒரு தப்பும் இல்ல ஐயா,” என்றார் குரு. “அதுக்குப் பேரு படையல். என்ன அவசரம்? அவங்க போய்ச் சேர்ந்தப்புறம் வச்சுக்கலாம்.”