தட்டைப்பயறு முடிந்து வைத்த காற்று

செடிகொடிகளுக்குக் காலும் வாயும் இருந்த அந்தக் காலத்தில், கரட்டடிக் காடு முழுவதும் சோளத்துக்கே சொந்தம். நெருக்கியடித்து நிற்கும், நடுவே விரல் வைக்க இடமிருக்காது. எல்லாம் தன் காடு என்ற நினைப்பில் தலை கொஞ்சம் அதிகமாகவே ஆடும்.

அங்கே கூலிக்கு வந்துகொண்டிருந்தது தட்டைப்பயறு. களை பறிக்கும், பனித்துளி சுமந்து ஊற்றும், வேலை முடிந்ததும் பாறைமேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு சாண் மண்கூடக் கிடையாது. படுத்தபடியே, மேலே போகிற காற்றைக் கையால் அள்ளிச் சேலை ஓரத்தில் முடிந்து வைக்கும். பிள்ளைகளுக்கு ஆகும் என்று சொல்லும். காற்றை முடிகிறதாம் என்று சோளம் வயிறு வலிக்கச் சிரித்தது.

தட்டைப்பயற்றின் காய்கள் முற்றின. பாறையில் வெடித்தால் பிள்ளைகள் கருகிப்போகும். அது ஒரு சாண் இடம் கேட்டது. கூலிக்கு வந்த இடத்தில் காணி கேட்கிறாயா என்று சோளம் விரட்டிவிட்டது.

மண்ணோ களைத்துப்போயிருந்தது. எத்தனை நாள்தான் ஒருவரே உறிஞ்சுவது? அதே வாரம் சோளத்தின் தாள்கள் அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தன. கதிர் வெளிவரவில்லை. பயந்துபோன சோளம் பாறைக்கு வந்து, அங்கே தட்டைப்பயறு மட்டும் பச்சை மாறாமல் இருப்பதைப் பார்த்து, கூலியைக் கூட்டித் தருகிறேன், அந்த முடிச்சுகளைக் கொடு என்று கேட்டது.

"மேல அவுத்தா காத்தோட காத்தாப் போயிருமுங்க," என்றது தட்டைப்பயறு. "மண்ணுக்குள்ள அவுத்தாத்தான் உரம். அதுக்கு நான் கால் ஊனணும். இனிக் கூலிக்கு வரமாட்டனுங்க. கூட்டுக்குன்னா வர்றேன்."

சோளம் மஞ்சளான தன் தாள்களைத் தடவிப் பார்த்தது. வெயில் ஏறியது, முதல் காய் லேசாக முறுக்கிக்கொண்டது. பாவம், தட்டைப்பயறு அதைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றது.

சோளம் காட்டுக்குத் திரும்பி, வரிசை வரிசையாக ஒரு எட்டு விலகி நின்றது.

"வாங்க," என்றது. அதுவரை அது யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தட்டைப்பயறு முடிச்சுகளோடு மண்ணுக்குள் இறங்கியது. காய்கள் வெடித்து, பிள்ளைகள் ஈர மண்ணில் விழுந்தார்கள். மெல்ல மெல்லச் சோளம் பச்சையானது. கொடி படர அது தோள் கொடுத்தது. மண் காயாமல் தட்டைப்பயறு இலை விரித்தது. பிறகு இரண்டுக்குமே எழுந்து நடக்க மனம் வரவில்லை. கால்கள் அப்படியே வேராகிவிட்டன.

அன்றைக்குச் சேர்ந்த கூட்டினால்தான் இன்றும் சோளத்தின் நடுவே தட்டைப்பயறு விதைக்கிறோம். நம்பாதவர்கள் பூவெடுக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள், வேரெல்லாம் முடிச்சாக இருக்கும். பார்த்ததும் அங்கேயே நட்டுவிடுங்கள். அது கேட்டு வாங்கிய இடம்.