நண்டு கொண்டுவந்த ஏரி

மருதங்காட்டு ஏரிக்கரையைக் காப்பதற்குப் பதினோரு நண்டுகள் அரசாங்க வேலையில் இருந்தன. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி சேற்றாள் என்ற நண்டு.

நண்டு கரையில் ஓட்டை போடுகிற பிராணியாயிற்றே, அது எப்படிக் கரையைக் காக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சேற்றாளின் உறவினர்களில் பாதிப்பேர் ஓட்டை போடுகிறவர்களே. அதனாலேயே காட்டின் அரசியான யானை அவளை வேலைக்கு எடுத்தாள். ஒரு வளை எங்கே தொடங்கும், எங்கே திரும்பும், எங்கே முடியும் என்று நண்டுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்குத் தெரியும்?

வேலை, பார்ப்பதற்கு எளிது. கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கிய தண்ணீர் கசிந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். உடனே ஏரிக்குள் இறங்கி, ஓட்டையின் உள்வாயைத் தேடிக் கண்டுபிடித்து, கடைசிவரை நுழைந்து, அங்கிருந்து களிமண்ணை மிதித்து மிதித்து அடைத்துக்கொண்டே பின்னால் வர வேண்டும். வெளிவாயில் மட்டும் மண்ணை அப்பினால் ஒரு வாரம் தாங்கும். அதற்குப் பிறகு அப்பியவரையும் சேர்த்துத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும்.

இந்த வேலைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு பிடி நெல். மண் சுமப்பவர்களுக்கு இரண்டு பிடி. பிடி என்றால் பண்டசாலைக் குரங்கின் கைப்பிடி. அது கொஞ்சம் சின்னக் கை என்று எல்லாருக்கும் வருத்தம் உண்டு. அது வேறு கதை.

மூன்று மழைக்காலத்துக்கு ஒருமுறை சம்பளப் பட்டியலைத் திருத்த வேண்டும் என்பது அந்தக் காட்டுச் சட்டம். பக்கத்துக் காட்டில் அதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, அதற்கு ஏற்ப எழுத வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் விசாரிக்கும் பொறுப்பு எழுத்தர் நரியிடம் இருந்தது.

அந்த ஆண்டு ஐப்பசி பிறக்கப் பதினைந்து நாள் இருந்தது. பண்டசாலை வாசலில் புதிய பட்டியலை ஒட்டினார்கள். சேற்றாள் போய்ப் படித்தாள். "ஏரிக்கரை நண்டுகள்: மண் வேலை. நாளுக்கு இரண்டு பிடி" என்று எழுதியிருந்தது. பத்தாம் நாள் காலையில் அரசி அதன்மேல் முத்திரையாகத் தன் காலைப் பதிப்பாள். பதித்துவிட்டால் இன்னும் மூன்று மழைக்கு அதை யாரும் தொட முடியாது.

சேற்றாள் நேராக நரியிடம் போனாள்.

"எழுத்தரய்யா, இந்த ரெண்டு பிடி எங்கேருந்து வந்துச்சு?"

"பக்கத்து ஈச்சங்காட்டிலேருந்தும்மா. அங்கயும் ஏரி இருக்கு, அங்கயும் நண்டு ஓட்டை அடைக்குது. அங்க ரெண்டு பிடிதான். நல்லா விசாரிச்சுத்தான் எழுதியிருக்கேன்."

"அந்த ஏரியை நீங்க பார்த்தீங்களா?"

நரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏரியை எதுக்குப் பார்க்கணும்? நான் கேட்கப் போனது கூலியை."

நரி விசாரித்த விதம் இதுதான். இரண்டு காட்டுக்கும் நடுவில் முள்ளும் பாறையுமாக ஒரு பொட்டல் உண்டு. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பொட்டலின் இந்த ஓரத்தில் எல்லைக்கல் இருக்கிறது. ஈச்சங்காட்டு எழுத்தரான கீரி அங்கே வர, இருவரும் கல்லின் நிழலில் உட்கார்ந்து, சாப்பிட்டு, ஒருவர் பட்டியலை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நரி கெட்டவன் இல்லை. வெயிலில் நடக்கப் பிடிக்காதவன், அவ்வளவுதான். ஆனால் வெயிலில் நடக்காத அந்த ஒரு நாள், பதினோரு குடும்பத்தின் சோற்றில் பாதியை எடுத்துவிட்டது.

சேற்றாள் நகராமல் நிற்பதைப் பார்த்து நரி குரலைத் தணித்தான். அவளுக்கு மட்டும் மூன்று பிடி தருவதாகவும், அதைப் பட்டியலில் ஏற்றாமல் குரங்கிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவதாகவும் சொன்னான்.

"பட்டியல்ல ஏறாத பிடி எனக்கு வேண்டாம்" என்றாள் சேற்றாள்.

சாயங்காலம் கரைக்கு வந்தபோது ஆறு நண்டுகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. கீழே நெல்வயலில் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஆறு பேரில் மூத்தவன் கொடுக்கன். எட்டு மழை சேற்றாளோடு ஒரே ஓட்டைக்குள் நுழைந்து வந்தவன். அவனே கிளம்புகிறான் என்றதும் அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"கொட்டுற மழையில உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டைக்குள்ள போறது நாமதான்" என்றான் கொடுக்கன். "அதுக்கும் மண் சுமக்கிறதுக்கும் ஒரே கூலின்னா, மண்ணையே சுமந்துட்டுப் போறோம். என்னைத் தப்பா நினைக்காதே."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் போனால் மிச்சம் ஐந்து பேர். ஐந்து பேரை வைத்துக்கொண்டு அரை மைல் கரையை ஐப்பசி மழையில் காப்பாற்ற முடியாது. சேற்றாளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"பத்து நாள் பொறுத்துக்கங்க. அதுவரைக்கும் கரையைப் பார்த்துக்கங்க. நான் ஈச்சங்காட்டு ஏரியைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள்.

எல்லாரும் அவளைத் தடுத்தார்கள். காரணம் இருந்தது. நண்டுக்குச் செவுள் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். யானைக்கு அரைநாள் நடையான அந்தப் பொட்டல், நண்டுக்கு நாலு நாள்.

"விடியக்காலைப் பனியில நடப்பேன். வெயில் ஏறினா பாறைக்கு அடியில கிடப்பேன். நாலாம் நாள் அந்த ஏரியில இறங்கி ஒரு முழுக்குப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினாள்.

முதல் நாள் பனி தாராளமாக இருந்தது. இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் ஒரு முள்செடியின் வேரைக் கிளறி, அங்கிருந்த ஈர மண்ணில் வாயை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் கிடந்தாள். திரும்பிவிடலாமா என்று அப்போது ஒருமுறை நினைத்தாள். திரும்பினாலும் அதே தூரம்தான், முன்னால் போனால் தண்ணீராவது இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு நடந்தாள்.

நாலாம் நாள் மாலையில் ஈச்சங்காட்டு ஏரிக்கரை தெரிந்தது. காலை இழுத்து இழுத்துக் கரைமேல் ஏறினாள். உள்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடியிலிருந்த சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆறு யானை சேர்ந்து நுழையும் அளவுக்குக் கரை பிய்ந்திருந்தது. சேற்றாளுக்கு அழுகை வந்தது. ஏரிக்காக அல்ல, தனக்காகத்தான் அழுதாள். இந்தத் தண்ணீரை நம்பித்தானே நாலு நாள் நடந்தாள். இனி மூச்சு எவ்வளவு நேரம் ஓடும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனாலும் அவள் கரை வேலை தெரிந்தவள். எந்த ஏரியிலும் கடைசியாகக் காய்கிற இடம் மதகுக் கல்லின் அடி. மதகு எந்தப் பக்கம் என்று தேடி உருண்டு போய், கல்லின் இடுக்கில் நுழைந்தாள். அங்கே ஒரு கைப்பிடி பாசியும் கொஞ்சம் ஈரமும் இருந்தன. அந்த ஈரத்தின்மேல் ஒரு தேரை உட்கார்ந்திருந்தான்.

தேரை அவளைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து பாதி இடத்தைக் கொடுத்தான்.

மறுநாள் பேசுகிற அளவுக்குத் தெம்பு வந்ததும் சேற்றாள் தான் வந்த காரியத்தைச் சொன்னாள். இங்கே ஓட்டை அடைப்பவர்களுக்கு இரண்டு பிடி என்பது உண்மையா என்று கேட்டாள்.

"உண்மைதான் தாயி" என்றான் தேரை. "முன்னாடி நாலு பிடி இருந்துச்சு. நம்ம கீரி அதை ரெண்டா குறைச்சாரு. வேலை தெரிஞ்சவங்க எல்லாம் போயிட்டாங்க. ரெண்டு பிடிக்கு வந்தவங்க நல்ல பிள்ளைங்கதான், ஆனா பாவம், வெளிவாயில மண்ணை அப்பிட்டுப் போனாங்க. போன ஐப்பசியில கரை போச்சு. கரையோட அவங்களும் போனாங்க. இப்பவும் பட்டியல்ல ரெண்டு பிடின்னுதான் எழுதியிருக்கு. வாங்கத்தான் ஆள் இல்லை."

சேற்றாள் வெளியே போய், வெடித்துக் கிடந்த சேற்றிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு பாளத்தைப் பெயர்த்தாள். அதை வலது கொடுக்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தேரை தன் பாசியில் பாதியை எடுத்து அவள் முதுகில் போர்த்தினான். அதுவே அவனுக்கு இருந்த சொத்தில் பாதி. ஆறாம் நாள் விடியும்போது அவள் திரும்பினாள்.

வரும்போது பாறையைப் பற்றி ஏற இரண்டு கொடுக்கும் இருந்தன. இப்போது ஒன்றில் பாளம் இருந்ததால் மற்றது மட்டும்தான். பாறையில் இரண்டு தடவை சறுக்கி விழுந்தாள். ஒரு கால் ஒடிந்தது. பாளத்தை மட்டும் விடவில்லை.

பத்தாம் நாள் காலையில் பண்டசாலை வாசலில் காடே கூடியிருந்தது. பட்டியலைத் தரையில் விரித்திருந்தார்கள். நரி அதை உரக்கப் படித்து முடித்தான். அரசி யானை வலது காலைத் தூக்கினாள்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று கீழே ஒரு குரல் கேட்டது.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பாசி காய்ந்து ஒட்டிய முதுகோடு ஒரு நண்டு கூட்டத்துக்குள் பக்கவாட்டில் நடந்து வந்தது. கொடுக்கன்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து தாங்கிக்கொண்டான். சேற்றாள் கொடுக்கைத் திறந்து பாளத்தை அரசியின் முன்னால் வைக்கப் பார்த்தாள். கொடுக்கு திறக்கவில்லை. நாலு நாள் இறுக்கிப் பிடித்ததில் அப்படியே பூட்டிக்கொண்டிருந்தது. கொடுக்கன்தான் பாளத்தை அசைத்து அசைத்து எடுத்துப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது என்ன?" என்றாள் அரசி.

"எழுத்தரய்யா ஈச்சங்காட்டிலேருந்து கூலியை மட்டும் கொண்டுவந்தாரு. அந்தக் கூலி கொடுத்த ஏரியை நான் கொண்டுவந்திருக்கேன்."

அரசி தும்பிக்கையால் பாளத்தை எடுத்து முகர்ந்தாள். தண்ணீர் வாசனை துளிகூட இல்லை. அது அவள் பிடியிலேயே பொடிந்து பட்டியலின்மேல் உதிர்ந்தது. தன் மந்தையின் குட்டிகள் தினமும் சாயங்காலம் எந்தத் தண்ணீரில் விளையாடுகின்றன என்பதை அவள் அப்போது நினைத்திருக்க வேண்டும். காலை மெதுவாகப் பின்னால் வைத்தாள்.

சேற்றாள் தேரை சொன்னதை எல்லாம் சொன்னாள். பிறகு அரசி நரியிடம் திரும்பினாள். "அங்கே எத்தனை பேர் இந்தக் கூலிக்கு வேலை பார்க்கிறாங்க?"

"அதை... நான் கேட்கலைம்மா" என்றான் நரி.

"ஏரி உடைஞ்சதைக் கீரி சொல்லலையா?"

"அதையும் கேட்கலை."

நரி அன்றைக்கு வெட்கப்பட்டதைப் போல அதற்கு முன்னால் வெட்கப்பட்டதில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். அரசி அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை. ஏரிக்கரை நண்டுகள் தொழில் தெரிந்தவர்கள் என்றும், நாளுக்கு நான்கு பிடி என்றும், மழை மாதங்களில் ஐந்து பிடி என்றும் அங்கேயே எழுத வைத்தாள். அடுத்த முறை விசாரிக்கப் போகும்போது, அந்த வேலையைச் செய்கிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தாள். அதன்பிறகுதான் காலைப் பதித்தாள்.

மூட்டை கட்டிய ஆறு பேரும் மூட்டையைப் பிரித்தார்கள். சேற்றாளைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விட்டார்கள். அரைநாள் தண்ணீரில் ஊறிய பிறகு கொடுக்கு மெதுவாகத் திறந்தது.

ஐப்பசி மூன்றாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் தேதி கரையின் அடிவாரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கலங்கிய தண்ணீர் கசிந்தது. கொடுக்கன்தான் பார்த்தான். சேற்றாள் ஒடிந்த காலோடு முன்னால் நுழைய, பத்துப் பேரும் பின்னால் நுழைந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அடைத்து முடித்தார்கள். வெள்ளம் கரைவரை ஏறி நின்று, மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகால் வழியாக ஒழுங்காகப் போனது. அதிலிருந்து ஒரு வாய்க்காலைப் பொட்டல் வழியாக, தேரை இருந்த ஈச்சங்காட்டு மதகுக் கல்வரை வெட்டச் சொல்லி சேற்றாள் அரசியிடம் கேட்டாள், அரசியும் வெட்ட வைத்தாள் என்று சொல்கிறார்கள்.

ஒரு வேலைக்குப் பக்கத்தில் என்ன கூலி என்று கேட்பவர், அந்தக் கூலியில் அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் தம் கண்ணால் போய்ப் பார்க்க வேண்டும்.