மூன்று சம்படம் உறைமோர்

ஞானிகள் ஆலமரத்தடியில் வாழ்பவர்கள் என்ற நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. இது பெரும் பிழை. இனியும் இதைத் திருத்தாமல் விடுவது முறையல்ல. ஆலமரத்தில் பழம் உண்டு. பழம் இருந்தால் பறவை உண்டு. பறவைகளுக்கு நேர்கீழே எவரும் அரை நாளுக்கு மேல் கண்மூடி உட்கார்ந்திருக்க முடியாது. உண்மையில் ஞானிகள் வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் வாழ்கிறார்கள்.

மங்கையர்க்கரசி அம்மையார் அப்படித்தான் வாழ்ந்தார். வாரநாட்களில் அவர் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிறு காலைகளில் ஏழு சீடர்களுக்குக் குரு. நாற்பத்தி நான்கு படி ஏறி வருவதற்குள் சீடர்களின் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியைக் கேட்க மூச்சு இருக்காது. குருமார்களின் உரையாடல்கள் ஏன் இவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன என்று வியப்பவர்கள் இந்தப் படிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரஞ்சோதி என்ற சீடர் தடித்த ஃபைலோடு வந்தார். புள்ளிவிவர அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்திரண்டு. குருவைவிட எட்டு வயது மூத்தவர்.

"முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் கேளுங்க" என்றார் குரு.

பரஞ்சோதி குடித்தார்.

"வீடு வாங்கப் போறேம்மா. முதல் தடவை."

"நல்ல விஷயம்."

"மூணு ஏரியாவுல மூணு வீடு பார்த்து வச்சிருக்கேன். எந்த ஏரியான்னு முடிவு பண்ண முடியலை. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகணும். இல்லேன்னா பேங்க் கடன் உத்தரவு காலாவதி ஆயிடும்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"இருபத்தாறு வருஷத்துல ஒன்பது வாடகை வீடும்மா. ஒன்பது தடவையும் ஆட்டுக்கல்லை ஏத்தி இறக்கியாச்சு. பகவதி ஒரே வார்த்தைதான் சொன்னா. 'எங்க வேணா வாங்குங்க. ஆனா அங்கேருந்து நான் கிளம்பினா, நாலு பேர் தோள்லதான் கிளம்புவேன்.'"

குரு சிரித்தார். "அப்போ ஜாக்கிரதையாத்தான் பார்க்கணும். ஃபைலைக் கொடுங்க."

உள்ளே ஒரு அட்டவணை இருந்தது. மூன்று ஏரியாக்கள், முப்பத்தொரு கட்டங்கள். பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம், நிலத்தடி நீர் எத்தனை அடி, பள்ளி, ஆஸ்பத்திரி, கொசு. குரு கணக்கு டீச்சர் என்பதால் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது என்ன, 'நா.எ.'?"

"நாய் எண்ணிக்கை."

"நீங்களே எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவைம்மா. ஓடிக்கிட்டே இருக்குதுங்க. ஒரு தடவை எண்ணினா பிழை வரும்."

"மூணு ஏரியாவுக்கும் மொத்த மார்க் ஒண்ணா வருதே. இருநூத்திப் பதினேழு."

"அதான்மா பிரச்சினை. முப்பத்திரண்டாவதா ஒரு கட்டம் விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். அது என்னன்னு கேக்கத்தான் வந்தேன்."

குரு எழுந்து சமையலறைக்குப் போனார். மூடி போட்ட மூன்று சின்ன எவர்சில்வர் சம்படங்களோடு திரும்பினார்.

"வீட்ல உறைமோர் இல்லை."

"கீழ் வீட்ல வாங்கிட்டு வரட்டாம்மா?"

"வேண்டாம். அந்த மூணு ஏரியாவுக்கும் போங்க. ஒவ்வொண்ணுலயும் ஏதாவது ஒரு கதவைத் தட்டி, ஒரு கரண்டி உறைமோர் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"தெரியாதவங்க கிட்டயா?"

"தெரிஞ்சவங்க இருந்திருந்தா நாய் எண்ணியிருப்பீங்களா?"

பரஞ்சோதிக்கு அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு விடும். எங்கே போவதானாலும் போய்ச் சேர ஆறரை ஆகிவிடும். ஆறரை மணிக்கு ஒரு வீட்டு வாசலில் நின்று மோர் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை, இருபத்தாறு வருடம் தினமும் தயிர்ச்சோறு சாப்பிட்டும் அவர் அறிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை செண்பகா என்கிளேவுக்குப் போனார். பதினான்கு மாடி. வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"எந்த ஃபிளாட் சார்?"

"எதுவா இருந்தாலும் சரிங்க."

"அப்படி ஒரு ஃபிளாட் இல்லையே சார்."

பரஞ்சோதி சம்படத்தைத் திறந்து காட்டி விஷயத்தைச் சொன்னார். செக்யூரிட்டி சம்படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இரக்கப்பட்டு இன்டர்காமில் ஏதோ ஒரு எண்ணை அழுத்தினார். இனிமையான ஒரு பெண் குரல் வந்தது.

"உறைமோரா? நாங்க பாக்கெட் தயிர்தான் அங்கிள். அதுவும் தீர்ந்துபோச்சு. ஒரு நிமிஷம் இருங்க... ஆர்டர் போட்டுட்டேன். கேட்டுக்கே வந்துரும். ஐயோ, காசெல்லாம் வேண்டாம் அங்கிள்."

ஒன்பதாவது நிமிடத்தில் ஒருவர் பைக்கில் வந்து அரை லிட்டர் தயிர் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சம்படம் நிறைந்தது. பாக்கெட்டில் மீதியும் இருந்தது.

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க? ஒரு நன்றி சொல்லணும்."

"வீட்டு நம்பர்தான் தெரியும் சார்" என்றார் செக்யூரிட்டி.

செவ்வாய்க்கிழமை பாரிஜாத நகர். அகலமான தெரு, வரிசையாக மரங்கள், வீட்டுக்கு வீடு இரும்புக் கிராதி. மணியை அழுத்தியதும் ஒரு அம்மாள் உள்கதவைத் திறந்தார். கிராதி மூடியபடியே இருந்தது. உள்ளேயிருந்து ஊதுபத்தி வாசனை வந்தது.

"ஒரு கரண்டி உறைமோர் வேணும்மா."

அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"விளக்கு வச்சப்புறம் யாராவது மோர் கொடுப்பாங்களா?"

"கொடுக்க மாட்டாங்களா?"

"வீட்டு லட்சுமி கூடவே போயிடுவா."

கதவு சத்தமில்லாமல், மரியாதையாகச் சாத்தப்பட்டது.

அன்று சாப்பிடும்போது பரஞ்சோதி மனைவியிடம் கேட்டார். "ஏம்மா, விளக்கு வச்சப்புறம் மோர் கொடுக்க மாட்டாங்களா?"

"மோர், உப்பு, ஊசி. மூணும் வெளியே போகாது. இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் என்ன குடும்பம் நடத்தினீங்க?"

"நீதானே நடத்தினே."

"அது தெரிஞ்சாச் சரி" என்றாள் பகவதி.

புதன்கிழமை அவர் அரை மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினார். பஸ் அந்த அரை மணி நேரத்தைப் பாலத்தின்மேல் நின்றே தீர்த்தது. வண்டிப்பேட்டைத் தெருவில் அவர் நுழையும்போது ஒவ்வொரு வீடாக விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் குரு சொன்னது மூன்று இடம். பாதித் தெரு தாண்டியதும், ஒரு வீட்டில் ஒரு பெண் வாசல் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன வேணும்ங்க?"

"ஒரு கரண்டி உறைமோர். விளக்கு வச்சாச்சுன்னு தெரியும். கேட்டுட்டுப் போயிடறேன்."

"தெரிஞ்சேவா கேக்குறீங்க?"

"ஆபீஸ் இப்பதான் விடுதுங்க."

"மோர் தர முடியாதுங்களே."

"சரிங்க" என்று பரஞ்சோதி திரும்பினார்.

"நில்லுங்க. தர முடியாதுன்னுதானே சொன்னேன், போங்கன்னா சொன்னேன்?" அவள் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "புஷ்பக்கா! இவருக்கு உறைமோர் வேணுமாம்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "இந்நேரத்துலயா? ஏன் ஜெயக்கொடி, அவர் வீட்ல பொம்பளை கிடையாதா?"

"இருக்கா" என்றார் பரஞ்சோதி, ஜன்னலைப் பார்த்து. "பேரு பகவதி." பேரை எதற்குச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"மோர் எதுக்கு?" என்றாள் ஜெயக்கொடி. "மிளகாய்க் காம்பு போட்டாலே பால் உறையும். காம்பு கொடுத்தா ஒரு லட்சுமியும் போக மாட்டா."

"கசக்கும்டீ" என்றது ஜன்னல்.

"எங்கம்மா வீட்ல அப்படித்தான் உறை ஊத்துவாங்க."

"உங்கம்மா வீட்டுத் தயிரைச் சாப்பிட்டிருக்கேன். அதனாலதான் சொல்றேன்."

விவாதம் முற்றியதும் புஷ்பக்கா ஜன்னலை விட்டு இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டார். நடுவில் நின்ற பரஞ்சோதிக்கு ஒரு ஸ்டூல் வந்தது. பிறகு டீ வந்தது. பிறகு கேள்விகள் வந்தன. சொந்த ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, பெரியவனுக்கு இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை. எதற்காக வந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"எந்த வீடு பார்த்திருக்கீங்க? மாமரத்து வீடா?" என்றாள் ஜெயக்கொடி.

"ஆமா."

"கிணத்துத் தண்ணி தேனா இருக்கும். மேற்குச் சுவர்லதான் ஓதம் ஏறும். வெள்ளையடிச்சு மறைச்சிருப்பான். கையை வச்சுப் பாருங்க, அப்புறம் விலை பேசுங்க."

"மழை பெஞ்சா முனையில தண்ணி நிக்கும்" என்றார் புஷ்பக்கா. "வீட்டுக்குள்ள வராது. போன பெருமழைக்கு மூணாவது படியோட நின்னுச்சு. மொத்தம் அஞ்சு படி. பகவதிக்கு முட்டி வலி உண்டா?"

"உண்டுங்க."

"அப்போ படிக்குக் கைப்பிடி வைங்க, முதல் வேலையா."

ஜெயக்கொடி ஒரு பிடி மிளகாய் வத்தலைக் கிள்ளிக் காம்புகளைக் காலண்டர் தாளில் மடித்துக் கொடுத்தாள். "பால் இளஞ்சூடா இருக்கணும். போட்டுட்டு ஆட்டக் கூடாது." பரஞ்சோதி பொட்டலத்தைப் போடச் சம்படத்தைத் திறந்தார். அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது இங்க இருக்கட்டும். உங்களுக்கு லீவு என்னைக்கு?"

"சனிக்கிழமை."

"அன்னைக்குக் காலைல அக்காவைக் கூட்டிட்டு வாங்க. நல்ல மோரா நிரப்பி வைக்கிறேன்."

வியாழக்கிழமை மாலை பரஞ்சோதி நாற்பத்தி நான்கு படிகளை ஏறினார். இப்போது அட்டவணையில் முப்பத்திரண்டாவது கட்டம் இருந்தது. தலைப்பு: உறைமோர்.

"முடிவு தெரிஞ்சுபோச்சும்மா. செண்பகா என்கிளேவுக்குப் பத்து மார்க். மத்த ரெண்டுக்கும் சைபர்." சொல்லும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

குரு முதல் சம்படத்தைத் திறந்து விரலால் தொட்டுச் சுவைத்தார். "தயிர் நல்லா இருக்கே. யார் கொடுத்தாங்க?"

"தெரியலைம்மா. குரல்தான் கேட்டேன். நல்ல குரல்."

"பாரிஜாத நகர்ல?"

"மறுத்துட்டாங்க. விளக்கு வச்ச நேரம். முறைப்படி சரிதான்."

"வண்டிப்பேட்டைல?"

"அங்கயும் மறுத்துட்டாங்க. முறைப்படிதான்." பரஞ்சோதி கொஞ்சம் யோசித்தார். "ஆனா அவங்க மறுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு."

குரு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். கீழ் வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"இது ஒண்ணும் சின்ன விஷயம் இல்லைம்மா. அந்த வீட்ல மேற்குச் சுவர்ல ஓதமாம். அதுக்கு ரெண்டு மார்க் கழிச்சிருக்கேன்."

"மத்த ரெண்டு வீட்லயும் ஓதம் இல்லையா?"

"தெரியலை. அங்க யாரும் சொல்லலை."

சொல்லிவிட்டு அவர் அட்டவணையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். புள்ளிவிவரம் படித்தவர்.

"மூணாவது சம்படம் எங்க?" என்றார் குரு.

"அவங்களே வச்சுக்கிட்டாங்க. சனிக்கிழமை பகவதியைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. மன்னிக்கணும்மா, அது உங்க பொருள். சனிக்கிழமை மத்தியானமே கொண்டாந்து கொடுத்துடறேன்."

குரு, பரஞ்சோதி கொடுத்த காலண்டர் தாள் பொட்டலத்தைப் பிரித்து, அடுப்பில் இளஞ்சூடாக இருந்த பாலில் காம்புகளைப் போட்டு மூடினார்.

"அவசரமில்லை" என்றார். "குடிபோன அப்புறம் கொடுங்க."

பரஞ்சோதி ஃபைலை மூடினார்.

சனிக்கிழமை காலை அவரும் பகவதியும் வண்டிப்பேட்டைத் தெருவில் திரும்பினார்கள். பத்து வீட்டுத் தொலைவிலிருந்தே ஒரு குரல் வந்தது.

"பகவதி அக்கா! பார்த்து வாங்க, அந்தக் கல்லு ஆடும்!"

பகவதி நின்றுவிட்டாள். ஒன்பது வீடுகளில் அவள் மாடி வீட்டு அம்மாவாகவும் பின் போர்ஷன்காரியாகவும் மட்டுமே இருந்திருக்கிறாள்.

"என் பேரு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உறைமோர் கேக்கப் போனேன்" என்றார் பரஞ்சோதி.

அவள் அந்தக் கல்லைத் தாண்டி நடந்தாள். அவர் பின்னால் போனார்.

மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்த பிறகு, பகல் பன்னிரண்டு மணிக்கு அட்வான்ஸ் கொடுக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து ஆட்டுக்கல் வந்து இறங்கியது. ஐந்து படிக்கும் கைப்பிடி வைத்தாயிற்று. குருவின் வீட்டில் பால் நன்றாகவே உறைந்தது. லேசாகக் கசந்தது.

சம்படம் மட்டும் குருவிடம் வந்து சேரவில்லை. அதை ஜெயக்கொடி வீட்டுப் பாத்திரம் என்று நினைத்த பகவதி, வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று, சுண்டல் வைத்து அனுப்பினாள். பகவதியுடையது என்று நினைத்த ஜெயக்கொடி அதிரசம் வைத்து அனுப்பினாள். நடுவில் ஒருநாள் புஷ்பக்கா வாங்கிப் போனார். கடைசியாகக் கிடைத்த தகவலின்படி, அது தெருக்கோடி வீட்டில், பாதி நார்த்தங்காய் ஊறுகாயுடன் இருக்கிறது.