கேட்டவர்க்கெல்லாம் கடையாணி

வேங்கைநாட்டில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. வண்டிக்காரர் சபையில் புத்திக்குத்தான் பஞ்சம். சக்கரம் கழன்று ஓடாதிருக்க அச்சின் முனையில் செருகுகிறோமே கடையாணி, அதை அங்கே ஊருக்கு ஒரு விதமாய்ச் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்று ஒடிந்தால் மாற்று கிடைக்காமல் வண்டி நடுவழியில் நிற்கும். ஆகவே இனி நாடு முழுவதும் ஒரே ஆணி என்று முடிவு செய்யச் சபை கூடியது.

இரும்புப் பட்டறை முதலாளி வெள்ளியங்கிரியும் வந்தான். அவன் ஒரு திருகாணியைக் கண்டுபிடித்து, தன் அனுமதியில்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாதென்று அரசனிடம் பட்டயமும் வாங்கியிருந்தான். நல்ல ஆணிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைச் செய்யும் உரிமைக்கு அவன் கேட்ட விலை வண்டிக்கு ஒரு படி உப்பின் காசு. அதற்கே ஆள் வரவில்லை. ஏறக்குறைய அதே உறுதியுள்ள கொக்கியாணி பக்கத்துக் கடையில் கிடைத்தது.

சபையில் வெள்ளியங்கிரி நெஞ்சில் கைவைத்து, "என் ஆணியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்க்கெல்லாம் நியாயமான விலைக்கு உரிமை தருவேன்" என்றான். அடேயப்பா, என்ன உருக்கம்! சபைத் தலைவர் குமரேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நியாயமான விலை என்றால் எவ்வளவு என்று கேட்க மட்டும் அந்தப் பெரிய மனிதருக்கு வாய் வரவில்லை. திருகாணி இல்லாத வண்டி ராஜபாட்டையில் ஏறக் கூடாது என்று சட்டம் வந்தது. கொக்கியாணிக்காரர்கள் கடையைப் பூட்டினார்கள்.

வண்டிப் பட்டறை நடத்தும் செம்பாயி அன்று கடைசி வரிசையில் நின்று அந்த வாக்கைக் காதாரக் கேட்டாள். நம்பினாள். கரும்பு வெட்டுக்கு வண்டிகள் தருவதாய் ஆலைக்காரரிடம் ஒப்புக்கொண்டு, பட்டறையை அடகு வைத்து, திருகாணியையும் தானே அடித்துப் போட்டு வண்டிகளைச் செய்து முடித்தாள். வெள்ளியங்கிரியிடம் போய் உரிமை கேட்கவில்லை. எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம் என்று உப்புப் படிக் கணக்கில் காசை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

சுங்கச்சாவடியில் வண்டிகளை வெள்ளியங்கிரியின் ஆட்கள் மறித்தார்கள். அவனே பல்லக்கில் வந்து இறங்கினான்.

"வண்டி விலையில நாலில் ஒரு பங்கை எடுத்து வை. இல்லேன்னா ஒண்ணும் நகராது."

"ஆணிக்குத்தானே விலை, முதலாளி? அச்சும் சக்கரமும் நுகத்தடியும் உங்களுதா?"

"ஆணி இல்லாம உன் வண்டி ஓடுமா?"

"சக்கரம் இல்லாமலும்தான் ஓடாது. சக்கரம் செஞ்சவர் இப்படிக் கேக்கலையே! நியாய விலைன்னு சபையில சொன்னீங்க."

"கேட்டவர்க்கெல்லாம்னுதான் சொன்னேன். நீ எப்ப வந்து கேட்ட? திருடிக்கு நியாய விலை ஒரு கேடா?"

திருடியாம்! பல்லக்கில் வந்து வழிமறிப்பவன் சொல்கிறான். செம்பாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. இன்று வண்டி போய்ச் சேராவிட்டால் பட்டறை கைவிட்டுப் போகும். பல்லக்கின் பின்னால் வந்து நின்ற குமரேசரைப் பார்த்தாள். "சபை ஆணியைத்தான் தேர்ந்தெடுக்கும், விலையில் தலையிடாது" என்று அவர் கைகழுவினார். வெட்கங்கெட்ட பிழைப்பு!

செம்பாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, செய்த வண்டி அத்தனைக்கும் உண்டான காசைச் சாவடி அதிகாரி முன்னால் கொட்டினாள். பிறகு வெள்ளியங்கிரியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க குடுத்த வாக்கை அன்னிக்கே கேட்டேன். உரிமையை இன்னிக்குக் கேக்குறேன். ரெண்டு விதமாவும் கேட்டாச்சு. உங்க காதுல கேட்டுச்சா?"

பட்டயத்தைக் காட்டி மறிக்கும் வெள்ளியங்கிரி, அனுமதியில்லாமல் செய்துவிட்டு விலையோடு நிற்கும் செம்பாயி, நமக்கென்ன என்றிருக்கும் குமரேசர். இதில் யார் பக்கம் நியாயம்? வண்டிகள் போகலாமா, கூடாதா?

விடை: போகலாம். முதலிலேயே கேட்காதது செம்பாயியின் தவறுதான். முதல் வண்டியிலிருந்து கணக்கிட்டு விலையைக் கொடுத்ததும் அது தீர்ந்தது. எது நியாய விலை? கொக்கியாணியும் கிடைத்த நாளில், வேண்டாம் என்று சொல்ல வாங்குகிறவனுக்கு வழியிருந்த நாளில், வெள்ளியங்கிரி தன் வாயாலேயே கேட்ட உப்புப் படிக் காசுதான். அதற்கு மேல் அவன் கேட்டது ராஜபாட்டைக்கு விலை. பாட்டையை அவன் போடவில்லை. விலையோடு நிற்பவளை மறிக்கும் உரிமையை அன்று நெஞ்சில் கைவைத்தபோதே அவன் விட்டுக்கொடுத்துவிட்டான். விலை கேட்காமல் நாட்டின் கழுத்தில் ஆணியை மாட்டிய குமரேசரை நியாயத்தின் பக்கத்தில் நிறுத்திப் பேசுவதே பாவம். அதிகாரி தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னார். வண்டிகளுக்கு வழிவிட்டு வெள்ளியங்கிரியின் பல்லக்கு ஓரம் ஒதுங்கியது.